துணியில் ஒரு தட்டான்: சூட்டில் ஒட்டும் மினுக்கு இழையும் கை எம்ப்ராய்டரியும்

[திரையில்: மேசை மேல் ஒரு சிட்டிகை மினுக்கு இழை. தாளைச் சாய்க்கும்போது பச்சை ஊதாவாக மாறுகிறது.]

வணக்கம். இன்றைக்கு ஒரு காட்டன் குர்தியின் தோளுக்குக் கீழே தட்டான் ஒன்றை உட்கார வைக்கப் போகிறோம். உடம்பு கை எம்ப்ராய்டரி. இறக்கை நான்கும் இந்த மினுக்கு இழை.

ஆரம்பிக்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இழை துணியில் ஒட்டாது. பாக்கெட்டில் 'ஹாட் ஃபிக்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பிளவுஸில் வைக்கிற ஹாட் ஃபிக்ஸ் கல் மாதிரி அயர்ன் வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கல்லின் முதுகில் பசை இருக்கிறது. இதில் பசை கிடையாது. சூடு பட்டால் ஓர் இழை பக்கத்து இழையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் ஒரு மெல்லிய தகடாகும், அவ்வளவுதான். கீழே இருக்கும் காட்டனையோ பட்டையோ அது சட்டை செய்யாது. அதனால் இந்த வேலையில் ஊசியும் நூலும் அழகுக்கு மட்டும் வருபவை அல்ல. இறக்கை சட்டையில் நிற்பதே அவற்றால்தான்.

[திரையில்: இழைகள் மிக அருகில்.]

இழை என்கிறோமே தவிர, பஞ்சு மாதிரி நூற்றதல்ல. மெல்லிய பாலியஸ்டர் ஃபிலிமை இழை இழையாகச் சீவியது. ஆஞ்சலீனா என்ற பெயரில் வருவதுதான் பிரபலம். கிளிட்டருக்குப் பேர்போன மெடோபுரூக் இன்வென்ஷன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பு அது. அங்கே குவில்ட் தைப்பவர்களும் கம்பளியில் ஃபெல்ட் செய்பவர்களும் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் ஆன்லைனில்தான் தேட வேண்டியிருக்கும். வாங்கும்போது சூட்டில் ஒட்டும் ரகம்தானா என்று பாருங்கள். அதே பெயரில் ஒட்டாத ரகமும் இருக்கிறது. அது கம்பளியோடு கலந்து நூற்பதற்கு. எவ்வளவு தேய்த்தாலும் தகடாகாது.

நமக்கு இது முற்றிலும் புதிய பொருளும் இல்லை. விலை குறைந்த சேலைகளில் வருகிற பிளாஸ்டிக் ஜரிகையும் உலோகப் பூச்சுப் பூசிய பாலியஸ்டர் ஃபிலிம்தான். ஒருவிதத்தில் பங்காளி முறை.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? சாயத்தால் மட்டும் வருவதல்ல. ஃபிலிம் பல மெல்லிய அடுக்குகளால் ஆனது. ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி மற்ற அடுக்குகளில் இருந்து திரும்பும் ஒளியோடு சேரும்போது சில நிறங்கள் தூக்கலாகும், சில அடங்கிவிடும். பார்க்கிற கோணம் மாறினால் நிறமும் மாறும். தட்டான் இறக்கை வெயிலில் பளபளப்பதும் இதே சங்கதிதான்: நிறமில்லாத மெல்லிய படலம், ஒளியின் விளையாட்டு. இந்த வீடியோவுக்குத் தட்டானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான். ரோஜாப் பூவை மினுக்கு இழையில் செய்தால் எனக்கென்னவோ பிறந்தநாள் வீட்டு அலங்காரம் மாதிரித்தான் தெரிகிறது.

[திரையில்: ஒரே தகடு, முதலில் வெள்ளைத் துணி மேல், பிறகு கருநீலத் துணி மேல்.]

இங்கே பாருங்கள், ஒரே தகடுதான். வெள்ளை மேல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கிறது. கருநீலத்தின் மேல் வைத்ததும் பச்சையும் ஊதாவும் கிளம்பி வருகின்றன. ஊடுருவிப் போகிற ஒளியை வெள்ளைத் துணி திருப்பி அனுப்பி நிறத்தை வெளிற வைத்துவிடுகிறது. அடர்ந்த துணி அதை விழுங்கிக்கொள்கிறது. அதனால் கருநீலம், கறுப்பு, மயில் பச்சை, அரக்கு இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது வெள்ளைக் குர்திதான் என்றால் இறக்கைக்கு அடியில் சாம்பல் நிற ஆர்கன்சா ஒரு துண்டு கொடுக்கலாம்.

சரி, தகடு செய்வோம்.

[திரையில்: பேக்கிங் பேப்பர் இரண்டு, இழை, அயர்ன் பாக்ஸ்.]

ஒரு சிட்டிகை போதும். இதில் எல்லோருக்கும் கை தாராளமாகப் போய்விடுகிறது. கட்டியாக இருக்கும் இழைகளை விரலால் பிரித்துப் பிரித்து, பேக்கிங் பேப்பரின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புங்கள். அடியில் உள்ள தாள் தெரிய வேண்டும். எல்லா இழையும் ஒரே திசையில் படுத்திருந்தால் தகடு அந்தத் திசையிலேயே கிழியும். மேலே இன்னொரு பேக்கிங் பேப்பரை வைத்து மூடுங்கள்.

தாள் விஷயத்தில் கொஞ்சம் கவனம். கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் சில இடங்களில் மெழுகுத் தாளைத் தருவார்கள். சூட்டில் மெழுகு இளகி இழையிலும் அயர்னிலும் அப்பிக்கொள்ளும். ஓவனில் வைக்கிற, சிலிக்கோன் பூசிய பேக்கிங் பேப்பர்தான் வேண்டும்.

அயர்ன் டயல் சில்க்கில் இருக்கட்டும். நீராவி வேண்டாம். தாளின் மேல் வைத்து இரண்டு மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் உள்ளே இழை நகரும். மேல் தாளை ஓரமாகத் தூக்கிப் பாருங்கள்.

[திரையில்: தாள் விலகுகிறது. இழைகள் ஒன்றோடொன்று பிடித்து, மெல்லிய வலைத் தகடாக எழும்புகின்றன.]

இப்படி மொத்தமாகத் தூக்க வந்தால் ஆயிற்று. அங்கங்கே இழை உதிர்ந்தால் இன்னும் இரண்டு விநாடி. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். நிறம் அடுக்குகளில் இருப்பதால் சூடு கூடி அவை குலைந்தால் நிறமும் போய்விடும். இதோ இந்தப் பக்கத்துத் துண்டு வேண்டுமென்றே அதிகம் சூடாக்கியது. பச்சை போய் ஒரு மங்கல் பழுப்பு வந்திருக்கிறது, தொட்டால் மொரமொரக்கிறது. இது திரும்பாது.

கையில் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். இழையை ஸ்டாம்பின் முகத்தின் மேல் பரப்பி, பேக்கிங் பேப்பர் வைத்து அழுத்தினால் அதன் கோடுகள் தகட்டில் பதியும். இலை நரம்புக்கு அருமையாக இருக்கும். தட்டானுக்கு வேண்டாம், நரம்பை நூலில் போடப் போகிறோம்.

இப்போது வரைபடம். இங்கேதான் வேலை வரிசை முக்கியமாகிறது. துணியில் கோடு போட மூன்று வழி பழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, தண்ணீரில் போகும் நீலப் பேனா. அதன் மேல் அயர்ன் பட்டால் கோடு துணியிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு. அடுத்தது, சூட்டில் மறையும் பேனா. கிட்டத்தட்ட 60 டிகிரியிலேயே மறைந்துவிடும் என்பதால் இறக்கையைத் துணியில் ஒட்டும் பசை வலைக்கு அயர்ன் வைத்ததுமே உங்கள் தட்டான் பறந்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால் கோடு திரும்பத் தலைகாட்டும் என்பது தனிக்கதை. மூன்றாவது ஆரி வேலைக்காரர்கள் செய்கிற வழி: டிரேஸிங் பேப்பரில் ஊசியால் ஓட்டை போட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்பது. அடர்ந்த துணிக்கு அதுவே சிறந்தது, ஆனால் மண்ணெண்ணெய் வாசம் அடங்கும் வரை அயர்ன் பாக்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நான் இன்று வெள்ளைச் சாக்பென்சிலில் வெறும் உடம்புக் கோட்டையும் இறக்கை தொடங்கும் நான்கு புள்ளிகளையும் மட்டும் போட்டிருக்கிறேன். இறக்கையின் வடிவம் தகட்டிலேயே வெட்டப்பட்டு வருவதால் அதை வரைய வேண்டியதில்லை.

[திரையில்: காகித மாதிரியைத் தகட்டின் மேல் வைத்து வெட்டுதல்.]

தட்டானுக்கு முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒரே அளவில் இருக்காது. பின் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் அகலமாக இருக்கும். அந்த ஒரு வித்தியாசத்தைக் காட்டினால் போதும், பார்ப்பவர்கள் பட்டாம்பூச்சியா என்று கேட்க மாட்டார்கள். வெட்டிய துணுக்குகளை ஊதித் தள்ளாமல் டப்பாவில் போடுங்கள். அடுத்த தகட்டில் புது இழையோடு கலந்து மறுபடியும் அழுத்தலாம். பிளாஸ்டிக்தானே, தரையில் விட்டால் சாக்கடைக்குத்தான் போகும்.

துணியில் நிறுத்த, இரண்டு பக்கமும் ஒட்டும் பசை வலை ஒன்று விற்கிறது. டெய்லர் கடையில் காலருக்கு வைக்கும் ஃபியூசிங் கேன்வாஸ் இதற்கு உதவாது. அது ஒரு பக்கம்தான் ஒட்டும், விறைப்பும் தரும். பசை வலையிலும் ஒரு சிக்கல். பல ரகங்களுக்கு, இழைக்கு வேண்டியதைவிடக் கூடுதல் சூடு தேவைப்படும். அதனால் இறக்கை பேக்கிங் பேப்பரைப் பார்த்துக் குப்புறப் படுத்திருக்க, துணியின் பின்பக்கமிருந்து அயர்ன் வையுங்கள். துணி நடுவில் இருப்பதால் இழைக்கு நேரடிச் சூடு படாது.

என்னைக் கேட்டால் உடுப்புக்குப் பசை வலையே வேண்டாம். அது இருக்கும் இடம் துணி விழாமல் அட்டையாக நிற்கும். இறக்கையை இரண்டு சின்ன ஓட்டத்தையலால் பிடித்து வைத்துவிட்டு நேரே எம்ப்ராய்டரிக்குப் போய்விடலாம். ரிங்கில் மாட்டும்போது இறக்கை ரிங்கின் விளிம்பில் மாட்டாத அளவுக்குப் பெரிய ரிங்காக எடுங்கள். தகட்டில் விழுந்த மடிப்பு போகவே போகாது.

[திரையில்: ஊசி தகட்டைத் துளைப்பது, மிக அருகில்.]

துணியில் ஊசி இறங்கினால் நெசவு நூல்கள் விலகி, பிறகு கூடிக்கொள்ளும். தகட்டில் போட்ட ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். நெருக்கி நெருக்கிக் குத்தினால் தபால் தலை கிழிகிற மாதிரி அந்தக் கோட்டிலேயே பிய்ந்து வரும். அதனால் எம்ப்ராய்டரி ஊசியில் 9 அல்லது 10 எண், ஆறு இழை நூலிலிருந்து பிரித்த ஒற்றை இழை, ஒவ்வொரு தையலும் கண்ணுக்குத் தெரிகிற நீளத்தில். சாட்டின் ஸ்டிச் போட்டு விளிம்பை மூடும் யோசனை இங்கே எடுபடாது.

விளிம்புக்குக் கௌச்சிங்தான். இரண்டு இழை நூலை இறக்கையின் ஓரத்தில் படுக்க வையுங்கள். இன்னோர் ஊசியில் ஒற்றை இழை. இறக்கைக்கு வெளியே, துணியில் ஏறுங்கள். படுத்திருக்கும் நூலைத் தாண்டி, இறக்கைக்கு உள்ளே இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இறங்குங்கள். நான்கைந்து மில்லிமீட்டருக்கு ஒரு கட்டு. ரொம்ப இறுக்க வேண்டாம், நூல் தகட்டை அமுக்கினால் போதும், அறுக்கக் கூடாது. தட்டான் இறக்கையின் முன் விளிம்புதான் அழுத்தமான கோடு. அங்கே மட்டும் நூலை மூன்று இழையாக்கியிருக்கிறேன்.

[திரையில்: இறக்கை நரம்புகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன.]

நரம்புக்கு பேக் ஸ்டிச், அதுவும் சிக்கனமாக. உண்மையான இறக்கையில் நூற்றுக்கணக்கான கட்டங்கள் உண்டு. அத்தனையும் போட்டால் தகடு சல்லடையாகிவிடும். நீளவாக்கில் மூன்று, குறுக்கே நான்கைந்து. சாம்பல் நூல் நன்றாகப் பொருந்தும். கறுப்பு பளபளப்பை அடித்துவிடும். இறக்கை நுனிக்குக் கொஞ்சம் முன்னால், முன் விளிம்பில், ஒரு சின்னக் கரும்புள்ளி இருக்கும், அடுத்த முறை தட்டானைப் பார்த்தால் கவனியுங்கள். அதற்குப் பக்கம் பக்கமாக மூன்று தையல். நான்கு இறக்கையிலும் இந்தப் புள்ளி விழுந்ததும் திடீரென்று உயிர் வந்த மாதிரி இருக்கும்.

உடம்பு சுலபம். வால் பகுதிக்கு செயின் ஸ்டிச் இரண்டு வரிசை, நெஞ்சுக்குக் கொஞ்சம் தடித்த சாட்டின் ஸ்டிச், கண்ணுக்கு இரண்டு மணி. நெஞ்சுத் தையல் இறக்கைகளின் அடிப்பகுதி மேல் ஏறி உட்கார வேண்டும். நான்கு முனையும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அங்கே மட்டும் நெருக்கமாகத் தைக்கலாம், கிழிந்தாலும் மேலே நூல் மூடியிருக்கும்.

உள்பக்கம் முடிச்சும் நூலும் தோலில் உறுத்தும். அந்த இடத்துக்கு மட்டும் மல்மல் துண்டு ஒன்றை உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள். கைப்பை வார் உரசுகிற தோள், அக்குள், முழங்கை, இந்த இடங்களில் இழையை வைக்கவே வேண்டாம். எதையும் வாயில் வைக்கிற கைக்குழந்தையின் உடுப்பிலும் வேண்டாம்.

துவைப்பது பச்சைத் தண்ணீரில், உள்பக்கம் வெளியே வர, கையால் அலசி, முறுக்காமல் நிழலில். இஸ்திரி போடும்போது துண்டு விரித்து முகத்தைக் கீழே வைத்து, தட்டானைச் சுற்றிப் போங்கள். தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுப்பதானால் சொல்லிவிட்டுக் கொடுங்கள், கரிப்பெட்டியில் சில்க், காட்டன் என்று திருப்ப டயல் கிடையாது.

[திரையில்: பலமுறை துவைத்த வேறொரு சட்டை. இறக்கை நுனி லேசாக எழும்பியிருக்கிறது.]

நாளாக ஆக ஓரத்தில் இழை இப்படித் தூக்கிக்கொள்ளலாம். மறுபடியும் அயர்ன் வைத்தால் படிந்துவிடும் என்று தோன்றும். படியாது, நிறம்தான் மங்கும். நீட்டிக்கொண்டிருக்கும் இழையைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, ஒற்றை இழை நூலில் முன்பு போட்ட இரண்டு கட்டுகளுக்கு நடுவே இன்னொரு கட்டுப் போடுங்கள்.