தாய் தகப்பனை உயிரோடு விடுங்கள்

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியிலிருந்து பேசுகிறேன். மேசையைச் சுற்றி இருந்து தாளும் பகடையுமாகக் கதை வளர்க்கும் பாத்திர விளையாட்டு பற்றி இன்று ஒரே ஒரு வேண்டுகோள்: பாத்திரத்தின் பின்னணியில் குடும்பத்தைக் கொன்றுவிடாதீர்கள்.

புதிதாக வருபவர்கள் பலர் எழுதுவது இதுதான். ஊர் எரிந்தது, உறவு அழிந்தது, நாயகன் வாளோடு தனியே புறப்பட்டான். வன்னியில் சிலருக்கு அது கற்பனை இல்லை என்பதை நான் அறிவேன். அவர்கள் எழுதட்டும். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆட்டத்தை நடத்துபவரிடம் முதலே சொல்லிவிட வேண்டும். வேறொன்றும் தோன்றாததால் எழுதுகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். யாருமே இல்லாத பாத்திரத்தைக் கதைக்குள் இழுக்க, ஆட்டத்தை நடத்தும் எங்களுக்குப் பிடி கிடைப்பதில்லை.

எங்கள் மேசையில் ஒரு தங்கை எழுதியது நாலு வரிதான். அவளுடைய பாத்திரம் ஒரு வட்டவிதானையின் மகள். குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பங்கிடுபவர் தகப்பன். வறண்ட சிறுபோகத்தில் ஓர் இரவு, முறை தவறித் துருசைத் திறந்து தன் தமையனின் வயலுக்கு நீர் விட்டார். பக்கத்து வயல் கருகிப்போனது. அதை மகள் மட்டும் பார்த்திருந்தாள்.

பிறகு ஓர் ஆட்டத்தில், காட்டுப் பாதையில் வழிமறித்த கொள்ளையன் அந்தக் கருகிய வயல்காரரின் மகன் என்றேன். வாளை உருவ அவளுக்குக் கை வரவில்லை. பகடையைத் தொடாமலே நெடுநேரம் அவனோடு பேசினாள். மற்றவர்களின் தேநீர் ஆறிப்போனது.

1977இல் வந்த டிராவலர் என்ற பாத்திர விளையாட்டில் பாத்திரத்தின் கடந்த காலத்தையே நான்கு நான்கு ஆண்டுகளாகப் பகடை உருட்டி ஆடுவார்கள். ஆட்டம் தொடங்குமுன்பே பாத்திரம் செத்தும் போகலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் 2014 பதிப்பில் ஒவ்வொரு பின்னணிக்கும் இலட்சியம், பிணைப்பு (பாத்திரம் யாரோடு, எதோடு கட்டுண்டிருக்கிறது என்பது), குறை என்று பட்டியல்கள் இருந்தன. அதன் 2024 விதிநூலில் பின்னணியோடு வருவது திறன் புள்ளிகளும் ஒரு சிறப்பாற்றலும். கணக்குக்கு அது வசதி. எனக்கென்னவோ பிணைப்பு போனதுதான் பெரிய இழப்பு.

ஆகவே அதை நீங்களே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'என் ஊரைக் காப்பேன்' என்று பொதுவாக வேண்டாம். ஓர் ஆளின் பெயரையும், அவருக்கு உங்கள் பாத்திரம் என்ன கடன்பட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கீழே அனுப்பினால், அடுத்த காணொளியில் சிலவற்றை எடுத்து ஆட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று பார்க்கலாம்.