மந்தியின் துக்கத்தை யார் சொல்லிக் கொடுத்தது?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடற்காற்றில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்கும் திருகோணமலை மக்களே, வணக்கம்.

மனித உணர்ச்சிகளை நமக்குத் தந்தது கூர்ப்பா, பண்பாடா என்பது இன்றைய வழக்கு. கூர்ப்பு என்பது பரிணாமத்துக்கு நம் பாடப்புத்தகச் சொல். அந்தக் கூர்ப்பின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் குறுந்தொகையின் 69ஆம் பாட்டைச் சொன்னார். ஆண் குரங்கு இறந்துபோகிறது. கைம்மையைத் தாங்க முடியாத மந்தி, தொழில் கல்லாத தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. "அது புலவரின் மனம், குரங்கின் மனமல்ல. குரங்குக்கு உள்ளது பசியும் பயமும் கோபமும்தான். துக்கப்பட நாம் பண்பாட்டிடம் கற்றோம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

சரி, மலையிலிருந்து பாய்ந்ததைப் புலவருக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்ததை விடமாட்டேன். ஐவரி கோஸ்ட் காட்டில் தாயை இழந்த சிம்பன்சிக் குட்டிகளை மற்றவை தத்தெடுத்து வளர்த்திருக்கின்றன. அவற்றில் ஆண் சிம்பன்சிகளும் உண்டு. தான்சானியாவின் கோம்பேயில் 1960 முதல் சிம்பன்சிகளைக் கவனித்துவந்தவர் ஜேன் குடால். அங்கே ஃபுளோ என்ற முதிய தாய் 1972இல் இறந்தது. அதன் மகன் ஃபிளின்ட்டுக்கு அப்போது எட்டு வயது கடந்திருந்தது, தானே உணவு தேடித் தின்னக்கூடிய வயது. ஆனால் அது சரியாகச் சாப்பிடவில்லை, கூட்டத்தோடு சேரவில்லை. ஒரு மாதம் முடியுமுன், தாய் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தது.

இதிலும் பார்த்தவரின் மனம்தான் பேசுகிறது என்று எதிரணி சொல்லக்கூடும். அப்படியானால், மனம் எதையும் ஏற்றிச் சொல்ல முடியாத ஓர் இடத்துக்குப் போவோம். பொட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ சமவெளியில் பபூன் குரங்குகளின் எச்சத்தை எடுத்து, மன அழுத்தத்தின்போது உடம்பு சுரக்கும் ஓமோன் அதில் எவ்வளவு என்று அளந்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. நெருங்கிய உறவைச் சிங்கத்துக்கோ சிறுத்தைக்கோ பறிகொடுத்த பெண் பபூன்களிடம், அடுத்து வந்த வாரங்களில் அந்த ஓமோன் உயர்ந்திருந்தது. அதே கூட்டத்தில், அதே ஆபத்தின் நடுவே, யாரையும் இழக்காத பெண்களிடம் அப்படி உயரவில்லை. வெறும் பயம் என்றால் எல்லாரிடமும்தானே உயர்ந்திருக்க வேண்டும்? இன்னொன்றும் கண்டார்கள். இழந்தவர்கள் மற்றவர்களுக்குப் பேன் பார்ப்பது கூடியது, புதுப்புது ஆட்களோடும் கூடியது. சில்வியா என்று பெயர் வைத்திருந்த ஒரு பெண் பபூன், தனக்குக் கீழானவர்களை ஏறெடுத்தும் பார்க்காதது. அதன் மகள் சியாராவைச் சிங்கம் கொண்டுபோனது. பிறகு சில்வியா, தன்னிலும் எத்தனையோ படி தாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய் உட்கார்ந்து பேன் பார்க்கத் தொடங்கியது.

உடம்புக்குள் ஏன் இப்படி ஒரு வலி? கடலாமை முட்டைகளை மணலில் புதைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகலாம். குரங்கினம் பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான் ஈனும். சிம்பன்சிக் குட்டி நாலைந்து வருடம் பால் குடிக்கும். பிரிந்தால் வலிக்காத தாயின் குட்டி சிறுத்தைக்குப் போயிற்று. வலி தாங்காமல் தேடி ஓடிய தாயின் குட்டி பிழைத்து, தானும் குட்டி போட்டது. லட்சக்கணக்கான தலைமுறைகள் இப்படியே வடிகட்டப்பட்டு வந்தன. தேடினால் கிடைத்துவிடும் என்பதற்காக உண்டான வலி, இனி எங்கே தேடியும் கிடைக்காது என்று ஆனபிறகும் அடங்குவதில்லை. துக்கம் என்று நாம் சொல்வது அதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

சிரிப்பும் அப்படித்தான். ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, பொனோபோ, மனிதக் குழந்தை எல்லாரையும் கிச்சுக்கிச்சு மூட்டி, எழுந்த ஒலிகளை ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வந்தது. யாருடைய சிரிப்பு யாருடையதற்குக் கிட்ட என்று வரைந்த கிளைப்படம், மரபணு காட்டும் உறவோடு பொருந்தியது.

இனி எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ஒப்பாரி, எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று இறந்தவருக்காக நாம் செய்வதெல்லாம் பண்பாடு தந்தவை என்றார்கள். உண்மை, நானும் ஒத்துக்கொள்கிறேன். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று நாம் சொல்லும் நம்மூர்க் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கிணறுகளைக் கட்டியது மனிதக் கை. அங்கே அந்தியேட்டி செய்யும் முறையை வகுத்தவனும் மனிதன். ஆனால் அந்தச் சுடுநீரை எந்த மேசனும் செய்யவில்லை, ஐயா. அது நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது.

கடைசியாக ஒன்று. 2004 மார்கழி 26இல், சுனாமியன்று, என் பெரியம்மா தன் மகளைக் கடலுக்குக் கொடுத்தார். பிறகு ஒரு பாடசாலையில் இருந்த முகாமில் நாலு நாள் வாய் திறக்கவில்லை, கண்ணீரும் இல்லை. ஐந்தாம் நாள், முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் அம்மா வந்து அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். உப்பும் மணலும் அடைந்து சடைபிடித்திருந்த பெரியம்மாவின் தலைமயிரை விரலால் பிரித்துச் சிக்கெடுக்கத் தொடங்கினார். பெயர் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வெகுநேரம் எடுத்துக்கொண்டே இருந்தார். பெரியம்மா அப்போதுதான் அழுதார்.

நடுவர் அவர்களே, மணி கேட்கிறது. வணக்கம்.