அழுத பிள்ளை பால் குடிக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹூ.

பெருமதிப்பிற்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, இமாம் ஹஜ்ரத் அவர்களே, எனக்கு முன்னர் பேசி என் நேரத்தில் பாதியையும் அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் சகோதரிகளே, கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து வசதியாக இடம் பிடித்துவிட்ட இளைஞர்களே! தலைவர் அவர்கள் இன்று உடல்நலம் சரியில்லாத நிலையிலும் வந்திருக்கிறார்கள். செயலாளர் அவர்கள் ஒலிபெருக்கியைச் சரிசெய்ய மூன்று முறை மேடைக்கும் வாசலுக்குமாக நடந்துவிட்டார்கள். இருவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

'மனத்துயருக்கு மார்க்கம் தரும் மருந்து' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. குர்ஆன், தொழுகை, இறைவனிடம் கேட்கும் துஆ என்று மூன்று பகுதிகளாகப் பேசலாம் என்று குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். அதற்கு முன் என் வழக்கமான பழமொழி ஒன்று: அழுத பிள்ளை பால் குடிக்கும். இதைக் கேட்டுக் கேட்டு உங்களில் பலருக்குச் சலித்திருக்கும். ஆனாலும் அழாமல் மூச்சடக்கிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நம்மிடையே அதிகமாகிவிட்டதால் மறுபடியும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்கள் பள்ளிவாசலில் ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்பவர் ஒருவர். அவருடைய ஒரே மகன் விபத்தில் இறந்துபோனான். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகையில் அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "என்ன ஈமான், என்ன இறைநம்பிக்கை பாருங்கள்!" என்று எல்லோரும் மெச்சினோம். மெச்சியவர்களில் நானும் ஒருவன். பிறகு மெல்ல மெல்ல அவர் தொழுகைக்கு வருவது குறைந்தது. ஒரு நாள் பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. உட்கார்ந்ததும் பொறுமை பற்றிய வசனங்களை மூச்சு விடாமல் ஓதினேன், பொருளும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஐயா, நீங்கள் சொன்ன எல்லாம் எனக்கு மனப்பாடம். அவனுடைய செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. அதை நான் என்ன செய்ய வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள்."

எட்டிப் பார்த்தேன். பழைய தோல் செருப்பு. இடது காலின் வார் அறுந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது. உள்ளே ஐந்து விரல்களின் தடமும் அப்படியே பதிந்திருந்தது. என்னிடம் பதில் இல்லை. முப்பது ஆண்டுகளாக மேடையேறிப் பேசுகிற வாய், அன்று பேச்சற்றுப் போயிற்று. இருவரும் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

அந்தித் தொழுகையான மக்ரிபுக்குப் பாங்கு சொல்லச் சிறிது நேரம் இருக்கும்போது அவரே எழுந்து குர்ஆனை எடுத்து வந்தார். மகன் யூசுஃபைப் பிரிந்து தவித்த யஃகூப் நபியின் கதையைச் சொல்லும் சூரா யூசுஃப் என்னும் அத்தியாயத்தைப் பிரித்தார். 83ஆம் வசனத்தில் யஃகூப் நபி (அலை), "அழகிய பொறுமையே மேல்" என்கிறார்கள். இதை நாம் எல்லா இரங்கல் கூட்டங்களிலும் சொல்கிறோம். அடுத்த வசனத்துக்குப் போவதில்லை. அவர் போனார். "யூசுஃபுக்காக நான் படும் துயரமே!" என்று அந்தத் தந்தை கதறுகிறார், துக்கத்தை உள்ளேயே விழுங்கி விழுங்கி அவருடைய கண்கள் வெளுத்துப்போயின என்கிறது 84ஆம் வசனம். பொறுமை என்று சொன்ன அதே நாவிலிருந்துதான் கதறலும் வந்தது. 85ஆம் வசனத்தில் பிள்ளைகள் வந்து, "இப்படியே யூசுஃபை நினைத்துக்கொண்டிருந்தால் நலிந்து அழிந்துபோவீர்கள்" என்று தகப்பனுக்குப் புத்தி சொல்கிறார்கள். ஆறுதல் சொல்லப் போகும் நாமெல்லாம் இந்தப் பிள்ளைகள்தானே! அதற்கு யஃகூப் நபியின் பதில் 86ஆம் வசனம்: "என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்."

அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. மகன் இறந்த நாளிலிருந்து தேக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. நெடுநேரம் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யஃகூப் நபிக்கு மகனுடைய சட்டை வந்தது. எனக்குச் செருப்பு இருக்கிறது. இருக்கட்டும்" என்றார். இருவரும் சேர்ந்தே மக்ரிபுக்குப் போனோம். நான் ஓதிய வசனங்கள் அவரை அசைக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் வாய் மூடிய பிறகுதான் அவருக்கு வேதம் திறந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும்.

ஈமான் உள்ளவன் அழக் கூடாது என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? தம் குழந்தை இப்ராஹீம் கடைசி மூச்சு விடும்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. "அல்லாஹ்வின் தூதரே, நீங்களுமா?" என்று அவர்களுடைய தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) கேட்டார்கள். "இது கருணை" என்பதே பதில். ஈஸா நபியின் தாய் மர்யம் அலைஹிஸ்ஸலாம் பிரசவ வேதனையில், "இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா?" என்று கதறியதைக் குர்ஆன் மறைக்கவில்லை. அதற்கு வந்த பதிலைப் பாருங்கள். கண்டிப்பு இல்லை, உபதேசம் இல்லை. கவலைப்படாதே, காலடியில் நீரோடை இருக்கிறது, மரத்தை உலுக்கு, பழம் விழும், உண், பருகு, கண் குளிர்ந்திரு. முதலில் தண்ணீரும் பழமும்! இந்த வரிசையை நம் ஆலிம்கள் கவனிக்க வேண்டும். ஹஜ்ரத் அவர்கள் தலையசைக்கிறார்கள், அதனால் துணிந்து சொல்கிறேன்.

தொழுகை பற்றியும் துஆ பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே நான் எந்த ஊர் மேடை ஏறினாலும் வலியுறுத்துகிற காரியத்துக்கு வந்துவிடுகிறேன். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளூச் செய்ய இடம் இருக்கிறது, செருப்பு வைக்க இடம் இருக்கிறது. மனச்சுமையை இறக்கி வைக்க ஓர் அறை வேண்டும். இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம், இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். பெண்களுக்குத் தனியாக, பெண்களே கேட்கும் ஏற்பாடு. உட்காருகிறவருக்கு இரண்டே நிபந்தனைகள்: கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. கேட்பதற்கு முன் வசனம் ஓதக் கூடாது.

"இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம்" என்று போன கூட்டத்தில் ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். 934இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதியவர். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வந்து கவியும் துக்கம் வேறு என்று அவர் பிரித்தார். முன்னதற்கு நல்ல சிந்தனையும் பேச்சும் உதவும், பின்னது உடலிலிருந்து எழுவது, அதற்கு மருந்தும் வேண்டும் என்றார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய பெரிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. நாம் மறந்துவிட்டு, மேல்நாட்டைக் குறை சொல்கிறோம். "மருத்துவம் செய்துகொள்ளுங்கள்" என்பது நபிமொழி. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குகிற நாம், தூக்கமே வராமல் உயிரை வெறுத்துக் கிடக்கிறவனை மட்டும் "ஈமான் குறைவு" என்று தள்ளி வைப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்காக துஆச் செய்யுங்கள், அதே நாளில் மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். தனியே விட்டுவிடாதீர்கள்.

இதற்கும் என் பழமொழிதான். பிள்ளை அழத்தான் செய்யும், கேட்க ஒரு காது பக்கத்தில் இருக்க வேண்டாமா?

தலைவர் அவர்களிடம் பகிரங்கமாகவே கேட்கிறேன். மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த அறையைக் கொடுங்கள். தலைவர் சிரிக்கிறார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் உட்கார முடிந்தவர்கள் பெயர் எழுதுங்கள். முதல் பெயர் எழுதியாகிவிட்டது. அது யாருடையது என்று கேட்காதீர்கள், வார் அறுந்த செருப்பின் கதையில் அவரை நீங்கள் ஏற்கெனவே சந்தித்துவிட்டீர்கள். பேனாவை மட்டும் யாரும் எடுத்துப் போய்விடாதீர்கள், போன கூட்டத்தில் காணாமல் போயிற்று. இஷாவுக்கு நேரமாகிறது. வஸ்ஸலாமு அலைக்கும்.