அப்பத்தை எடுத்தார், நன்றி சொன்னார்

நடுவர் அவர்களே, திருவிழா மேடைக்கு முன்னால் மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாம்பன் சனங்களே, வணக்கம். "கிறிஸ்தவ வாழ்வைத் தாங்கிப் பிடிப்பது நன்றி உணர்வா, குறையைத் தட்டிக் கேட்கும் குணமா?" என்பது தலைப்பு. நான் நன்றி உணர்வின் பக்கம்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "கடலில் இலங்கைக் கடற்படைக்காரன் நம்ம ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறான். இங்கே நன்றி சொல்லி உட்கார்ந்திருந்தால் அவர் வீடு திரும்பிவிடுவாரா?" நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு சரக்கை ஒரே கூடையில் போட்டுவிட்டார். நியாயம் கேட்பது வேறு, பழி சொல்லிக்கொண்டே இருப்பது வேறு.

கடல்காரர்களுக்குக் கடல் கதையே சொல்கிறேன். விவிலியத்தில் வரும் திருத்தூதர் பவுல் எதற்காகக் கப்பல் ஏறினார்? "சீசரிடம் முறையிடுகிறேன்" என்று, கைதியாக இருந்தவர் ரோமைப் பேரரசரிடமே வழக்கைக் கொண்டுபோகும் தன் உரிமையைக் கேட்டார், அதனால்தான் ஏற்றினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தவர் இல்லை அவர். காலம் சரியில்லை, கிளம்ப வேண்டாம் என்று எச்சரித்தார். காவலுக்கு வந்த படை அதிகாரியான நூற்றுவர் தலைவர் கேட்கவில்லை. அப்புறம் வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று, நம்ம வாடைக் கொண்டல் மாதிரி. சூரியனும் இல்லை, விண்மீனும் இல்லை. அப்போது பவுல், "என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தச் சேதம் வந்திருக்காது" என்றார். ஒரே ஒரு தடவை. அடுத்த பேச்சே "மனம் தளராதீர்கள்" என்பதுதான். பதினான்காம் நாள் விடியும் நேரத்தில், எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்தார், கடவுளுக்கு நன்றி சொன்னார், பிட்டுச் சாப்பிட்டார். கப்பலில் இருந்த 276 பேருக்கும் அப்போதுதான் சோறு இறங்கியது. கவனியுங்கள், இன்னும் யாரும் கரையேறவில்லை!

"ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று விவிலியத்தின் திருப்பாடல் 22 கதறவில்லையா என்பீர்கள். கதறுகிறது, கடவுளின் முகத்தைப் பார்த்துக் கதறுகிறது. ஆனால் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டு வந்த இஸ்ரயேலர், பாலைநிலத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து முணுமுணுத்தார்கள். எகிப்தின் வெள்ளரிக்காயும் வெங்காயமும் நினைவிருந்தது, அங்கே அடிமையாகச் செங்கல் அறுத்த கை மறந்துபோனது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலுக்கு விரல் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, சிலுவை போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குவார். ஒரு மார்கழியில், வடகடலில் கட்டியிருந்த எங்கள் வள்ளம் கயிறு அவிழ்ந்து பாறையில் மோதி உடைந்தது. கட்டியது அண்ணன். அப்பா, சித்தப்பா, துக்கம் கேட்க வந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே பேச்சு: "ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியலையா?" மூன்று நாள் அண்ணன் சாப்பிடவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முடிச்சு தப்புதான். அம்மாவும் அதைச் சொன்னார், ஒரு தடவை. மூன்றாம் நாள் ராத்திரி கஞ்சியும் சுட்ட கருவாடும் எடுத்து வைத்து, எல்லாரையும் உட்காரச் சொல்லிச் செபம் பண்ணினார்: "ஆண்டவரே, அன்னைக்கு எம்பிள்ளை வள்ளத்துல படுக்கல. உமக்கு நன்றி."

அண்ணன் வழக்கமாகப் படுப்பது வள்ளத்தில்தான். அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தார். மூன்று நாளாக எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை, நடுவர் அவர்களே. பழி சொல்லும் மும்முரத்தில், உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை கண்ணில் படவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் தன் தட்டில் இருந்த கருவாட்டை எடுத்து அண்ணன் தட்டில் வைத்தார்.

பவுல் போன கப்பலும் உடைந்துதான் போனது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், 276 பேரும் கரையேறினார்கள். எங்கள் வள்ளத்துப் பலகை ஒன்று அடுப்படிச் சுவரில் தட்டாக இருக்கிறது, அதன்மேல் உப்பு ஜாடி. ஆணி அறைந்தது அண்ணன். நங்கூரக் கயிற்றுக்கு எப்படி முடிச்சுப் போடுவது என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதும் இன்று அவர்தான்.