குறட்டை நின்றுபோகும் அந்த 22 விநாடிகள்

[திரை இருட்டாக இருக்கிறது. ஒருவர் குறட்டை விடும் ஒலி மட்டும் கேட்கிறது.]

இந்தச் சத்தத்தைக் கவனமாகக் கேளுங்கள். இதோ, நின்றுவிட்டது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்து… பத்து… பதினைந்து… இருபது… இருபத்திரண்டு.

[திணறி மூச்சை இழுக்கும் சத்தம். மீண்டும் குறட்டை.]

இது என் மாமா. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்திலுள்ள அவர்கள் வீட்டில் மாமி ஃபோனில் பதிவு செய்து அனுப்பியது. அந்த 22 விநாடிகளும் அவர் மூச்சு விடவே இல்லை.

[ரப்பர் தோட்டம், விடியலுக்கு முன். மரங்களுக்கிடையே தலைவிளக்குகள் நகர்கின்றன.]

மாமா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். சேகரித்த பாலில் ஆசிட் கலந்து ஊற்றிவிட்டு, அது உறையும் வரை சுவரில் சாய்ந்து உட்காருவார். உட்கார்ந்த மறுநிமிடமே தலை தொங்கிவிடும். "பாவம், வெட்டுக்காரருக்குத் தூக்கம் எப்படிப் போதும்" என்று எல்லோரும் சொன்னோம். இரவில் குறட்டை விட்டால், "அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார்" என்றோம். இரண்டுமே தவறு. ஒருநாள் அவருடைய ஸ்கூட்டர் வளைவில் திரும்பாமல் நேரே ஓடைக்குள் இறங்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

[தொண்டையின் வரைபடம்.]

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். மார்பு ஏறி இறங்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை பதறி உடலைச் சில விநாடிகள் எழுப்பும், தொண்டை திறக்கும், மீண்டும் தூக்கம். காலையில் இது எதுவும் நினைவில் இருக்காது. இதுதான் ஸ்லீப் ஆப்னியா, தூக்க மூச்சுத்தடை. பத்து விநாடிக்கு மேல் நீடிக்கும் தடைகளை எண்ணுவார்கள். மூச்சு முழுதும் நிற்காமல் பாதி குறைந்தாலும் கணக்கில் சேரும். ஒரு மணி நேரத்துக்கு 5 வந்தாலே நோய், 30 தாண்டினால் கடுமை. மாமாவுக்கு 38.

ஒவ்வொரு தடையின்போதும் ரத்த அழுத்தம் எகிறும். இரவில் தணிந்து ஓய்வெடுக்க வேண்டிய இதயத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை. எத்தனை மாத்திரை போட்டாலும் பிரஷர் குறையாத பலருக்கு இதுவே மறைந்திருக்கும் காரணம். சிறுநீர் கழிக்க இரவில் மூன்று நான்கு முறை எழுவதைச் சர்க்கரை என்றோ வயது என்றோ நினைத்துக்கொள்கிறோம். மூச்சு அடைபடும்போது இதயத்தில் ஏற்படும் இழுவையும் சிறுநீரைக் கூட்டும். உடம்பு வலிக்கு என்று இரவில் மது குடிப்பதும், மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்திவிடும். தயவுசெய்து இதை வீட்டில் சொல்லுங்கள்.

"பருமனானவர்களுக்குத்தானே இது வரும்?" என்று கேட்பீர்கள். மாமா ஒல்லிதான். பருமன் முக்கியக் காரணம் என்பது உண்மை. ஆனால் தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால் மெலிந்த உடலிலும் வரும். ஆசியர்களில் பலருக்கு ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே இது வருவதற்கு முக அமைப்பும் ஒரு காரணம்.

பெண்கள் கதை வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நோயாளிகளை விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் சாதாரண மக்களை அளந்து பார்த்தார்கள். 1993-இல் முடிவு வெளியானது. 30 முதல் 60 வயதுக்காரர்களில், மணிக்கு 5 தடைகளோ அதற்கு மேலோ இருந்தவர்கள் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். அதுவரை தூக்க மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில் பெண்கள் மிகச் சொற்பம். அவர்கள் குறட்டை என்று சொல்லி வருவதில்லை. அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்பார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ஆபத்து இன்னும் கூடும்.

[முந்திரி ஆலை. வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்களின் கைகள்.]

மாமிக்கும் தூக்கம் இல்லை. குறட்டைச் சத்தத்தால்தான் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். நாள் முழுக்க முந்திரி ஆலையில் உட்கார்ந்து வேலை செய்பவர். இரவில் படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். எழுந்து நடந்தால் நிற்கும், படுத்தால் மறுபடி தொடங்கும். "கால் உளைச்சல்" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இது அமைதியற்ற கால் நோய். இரும்புச்சத்துக் குறைவு இதற்குப் பெரிய காரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம், அதை ஃபெரிட்டின் பரிசோதனை காட்டும். சோற்றோடு கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது உணவிலுள்ள இரும்பை உடல் எடுக்கவிடாமல் தடுக்கும். மாமி இப்போது சாயாவைத் தள்ளிவைத்துக் குடிக்கிறார், மருத்துவர் தந்த மாத்திரையும் எடுக்கிறார்.

தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகளில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பவர்கள், இரவுப் பணி செய்யும் செவிலியர்கள் ஆகியோருக்கு உடலின் கடிகாரமே குழம்பிப்போகிறது. அதைத் தனி வீடியோவில் விரிவாகப் பார்ப்போம்.

[முகக்கவசமும் குழாயும் இணைந்த சிறு கருவி.]

மாமாவுக்குத் தந்தது சீபேப் கருவி. முகக்கவசம் வழியாக மென்மையான காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தியது. நோயைக் கண்டுபிடிக்க ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை போதும். மருத்துவரிடம் போகும்போது மாமி எடுத்ததுபோல ஒரு பதிவை எடுத்துச் செல்லுங்கள். தூங்குபவருக்குத் தெரியாததை அது சொல்லும்.

கவசம் போட்ட முதல் இரவு மாமி தூங்கவில்லை. சத்தமே இல்லாததால் பயந்து, இரண்டு முறை எழுந்து அவர் மார்பில் கைவைத்துப் பார்த்தாராம். மாமா இப்போது எட்டு மணிக்கே படுத்துவிடுகிறார். பால் உறையும் வரை சுவரில் சாய்ந்து, செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறார்.