பட்டியல் வந்தது, 20ஆம் தேதி வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

கைப்பேசியில் வேலைப் பட்டியல் போட்டு வைக்கும் செயலிகள் இப்போது ஏராளம். டூடூயிஸ்ட், டிக்டிக், மைக்ரோசாஃப்ட் டூ டூ, கூகுள் டாஸ்க்ஸ், ஐபோன்காரர்களுக்குத் திங்ஸ் என்று சொல்லிக்கொண்டே போனால் எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். இவற்றில் எது நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது எது கூட வருகிறது, எது வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிறு அலுவலகங்களுக்குக் கணினி வேலை பார்த்துக்கொடுப்பது என் தொழில். "சார், இதிலிருந்து அதுக்கு மாத்திக் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை.

மாறுகிறவர்களில் இரண்டு வகை. ஆசைப்பட்டு மாறுகிறவர்கள் ஒரு வகை, வேறு வழியில்லாமல் மாறுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்கு வுண்டர்லிஸ்டை விடப் பெரிய உதாரணம் கிடையாது.

ஜெர்மனியில், பெர்லின் நகரத்தில், சிக்ஸ் வுண்டர்கிண்டர் என்றொரு சின்ன நிறுவனம் இருந்தது. கிறிஸ்டியன் ரீபர் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2010இல் அவர்கள் வெளியிட்ட செயலிதான் வுண்டர்லிஸ்ட். அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மளிகைக்கு ஒரு பட்டியல், அலுவலகத்துக்கு ஒன்று, ஊருக்குப் போகும்போது எடுத்துவைக்க ஒன்று. வீட்டில் உள்ள நாலு பேரும் ஒரே பட்டியலைப் பார்க்கலாம். முடித்த வேலையை டிக் செய்தால் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே வேலையை முடித்தவர்கள் உண்டு, நான் கேலிக்குச் சொல்லவில்லை. பின்னணியில் பெர்லின் தொலைக்காட்சிக் கோபுரத்தின் படம் இருக்கும். ஒரு கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்திக்கொண்டிருந்த நிலையில், 2015 ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது.

2017 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய டூ டூ செயலியை முன்னோட்டமாக வெளியிட்டது. வுண்டர்லிஸ்டில் இருக்கும் நல்லதெல்லாம் இதற்கு வந்து சேர்ந்த பிறகுதான் பழையதை மூடுவோம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். ஆனால் மூடியது 2020 மே 6ஆம் தேதி. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இடையில் மூன்று ஆண்டுகள் பிடித்தன. காரணம் சுவாரசியமானது. வுண்டர்லிஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது அமேசானின் சர்வர்களில். டூ டூ உட்கார்ந்திருப்பது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் அமைப்பின் மேல், அதாவது அவுட்லுக்கில் நாம் குறித்து வைக்கும் வேலைகள் எங்கே சேமிக்கப்படுகின்றனவோ அங்கே. வெளியில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரிப் பட்டியல்தான். உள்ளே அடித்தளமே வேறு. அப்படியே தூக்கி இங்கே வைத்துவிட முடியாது, புதிதாகக் கட்டியாக வேண்டும். 2019 செப்டம்பரில் டூ டூ புது வடிவம் எடுத்தபோது அந்தப் பெர்லின் கோபுரப் படமும் அதில் வந்தது. அதே மாதம், ரீபர் ட்விட்டரில் வெளிப்படையாகவே, எனக்கே திருப்பி விற்றுவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்டிடம் கேட்டார். விற்கவில்லை. பிறகு அவர் சூப்பர்லிஸ்ட் என்று வேறொரு செயலியைத் தொடங்கி, 2024இல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

வுண்டர்லிஸ்ட்காரர்களுக்காவது மாறுவதற்கு அவகாசம் இருந்தது. பட்டியலை டூ டூவுக்குக் கொண்டுபோக ஒரு பொத்தானும் கொடுத்தார்கள். ஆஸ்ட்ரிட் என்று இன்னொரு செயலி. 2013 மே மாதம் யாஹூ வாங்கியது, ஆகஸ்டில் மூடியது. அவ்வளவுதான் நேரம்.

சரி, பொத்தானை அழுத்திப் பட்டியலைக் கொண்டுவந்தாயிற்று. அப்புறம்? வுண்டர்லிஸ்டில் 'இன்று' என்றொரு பகுதி உண்டு. இன்றைய தேதி போட்ட வேலைகள் தாமாகவே அதில் வந்து நிற்கும். டூ டூவில் 'என் நாள்' என்று ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு நாளும் காலியாகத்தான் தொடங்கும். இன்றைக்கு எதைச் செய்யப்போகிறோம் என்று நாமே எடுத்து அதில் வைக்க வேண்டும், ஒரு பல்பு படத்தைத் தொட்டால் சில வேலைகளை அது எடுத்துச் சொல்லும். பழைய பழக்கத்தில் திறந்து பார்க்கிறவருக்கு வெறும் திரைதான் தெரியும். எல்லாம் போய்விட்டது என்று பதறுவார். எதுவும் போகவில்லை. தேதி போட்டவை எல்லாம் இன்னொரு பகுதியில் பத்திரமாக இருக்கின்றன. தேதி வந்தால் வேலை தானாக முன்னால் வர வேண்டும் என்பது ஒரு எண்ணம், இன்றைய வேலையை மனிதன்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இன்னொரு எண்ணம். இரண்டு செயலிகளும் வெவ்வேறு எண்ணத்தில் செய்யப்பட்டவை. இம்போர்ட் செய்து கொண்டுபோக முடியாத விஷயம் இது.

இன்னொரு இழப்பு இதைவிட மோசம், ஏனென்றால் அது கண்ணில் படாது. திரும்பத் திரும்ப வரும் வேலைகளைச் சொல்கிறேன்.

ஒரு ஆடிட்டர் அலுவலகம். மாதா மாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்களுக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கைச் சுருக்கிச் சொல்லும் ஜிஎஸ்டிஆர் 3பி. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, பக்கத்தில் தேதி, மாதந்தோறும் திரும்ப வர வேண்டும் என்று ஒரு குறிப்பு. பழைய செயலியிலிருந்து இதை எக்ஸ்போர்ட் செய்து புதியதில் ஏற்றினார்கள். பெயர்கள் எல்லாம் வந்தன, தேதியும் சரியாக வந்தது. அந்த மாதம் 20ஆம் தேதிக்கு முன் நினைவூட்டல் வந்தது, வேலை முடிந்தது, அங்கே இருந்த பெண் டிக் செய்தார். அடுத்த மாதம் ஒரு சத்தமும் இல்லை. தேதிதான் வந்து சேர்ந்ததே தவிர, 'மாதந்தோறும்' என்ற விதி வரவே இல்லை. டிக் செய்ததோடு அந்த வரியின் கதை முடிந்தது. ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "சார், இந்த மாசம் ரிட்டர்ன் போட்டாச்சா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் கட்டணம், வரியே இல்லாத ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய். கட்ட வேண்டிய வரி இருந்தால் வட்டி வேறு.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்ய வேண்டிய வேலை பட்டியலில் சிவப்பாக நின்றால் நமக்கு உறுத்தும். இல்லாத வேலை உறுத்தவே உறுத்தாது.

திரும்ப வரச் சொல்லும் இந்த விதியிலும் இரண்டு சாதி உண்டு. ஜிஎஸ்டியை நீங்கள் 18ஆம் தேதி போட்டாலும் சரி, 23ஆம் தேதி போட்டாலும் சரி, அடுத்தது அடுத்த மாதம் 20தான். ஆனால் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ஒரு மாதம் தாமதமாக மாற்றினால், அடுத்த ஆறு மாதத்தை மாற்றிய நாளிலிருந்துதானே எண்ண வேண்டும்? டூடூயிஸ்டில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு ஆச்சரியக்குறிதான் அடையாளம். 'எவ்ரி' என்று எழுதினால் குறித்த தேதியிலிருந்து எண்ணும். 'எவ்ரி' பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால் முடித்த நாளிலிருந்து எண்ணும். டிக்டிக்கில் இதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. இப்படி ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருப்பதை ஒரு சாதாரணக் கோப்பு எப்படிச் சுமந்து வரும்? ஆகவே என் கட்சி இதுதான்: ஒற்றை வேலைகளை இம்போர்ட் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்ப வரும் வேலைகளை மட்டும் கையால் புதிதாக எழுதுங்கள். ஒரு மாலை நேரம் போகும், போகட்டும்.

தமிழில் பட்டியல் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை காத்திருக்கிறது. பல செயலிகள் எக்ஸ்போர்ட் செய்து கொடுப்பது சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அதைக் கையில் வாங்கியதும் நாம் என்ன செய்வோம்? எக்செலில் இரண்டு தட்டு தட்டித் திறப்போம். 'பால்காரருக்குப் பணம்' இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். கோப்பு கெடவில்லை, யூனிகோட் தமிழ் பத்திரமாகவே இருக்கிறது. எக்செல் அதை வேறு எழுத்து முறை என்று நினைத்துப் படிக்கிறது. அந்த நிலையில் பதறிப்போய் 'சேவ்' மட்டும் அழுத்திவிடாதீர்கள், அழுத்தினால் தமிழ் நிஜமாகவே போய்விடக்கூடும். மூடிவிட்டு, எக்செலில் 'டேட்டா' என்ற பகுதிக்குப் போய், சிஎஸ்வியிலிருந்து எடு என்று சொல்லி, யுடிஎஃப் 8 என்ற எழுத்து முறையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது கூகுள் ஷீட்ஸில் திறங்கள், அங்கே இந்தத் தலைவலி கிடையாது. தேதியையும் ஒரு கண் பாருங்கள். 3, 4 என்று இருந்தால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பது உங்கள் கணினி எந்த நாட்டு வழக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டூடூயிஸ்ட் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். ஆங்கிலத்தில் 'நாளை காலை ஒன்பது மணி' என்று எழுதினால் அது தானே புரிந்துகொண்டு தேதி போட்டுவிடும். ஜெர்மன், ஜப்பானிய மொழி என்று இன்னும் பல மொழிகளில் இந்த வசதி உண்டு, தமிழில் இல்லை. தமிழில் எழுதினால் அது வேலையின் பெயராகவே நின்றுவிடும். தேதியை நாம்தான் தொட்டுப் போட வேண்டும்.

முன்னுரிமை எண்களும் இப்படித்தான் காலை வாரும். செயலிகள் தேதிகளையும் வேலைகளையும் பரிமாறிக்கொள்ள உள்ள ஐகேலெண்டர் என்ற பொதுத் தரத்தில் 1 என்றால் மிக அவசரம், 9 என்றால் கடைசி. டூடூயிஸ்ட் திரையிலும் 1தான் மிக அவசரம், ஆனால் வேறு நிரல்கள் தகவல் எடுப்பதற்காக அது திறந்து வைத்திருக்கும் ஏபிஐ என்ற இணைப்பு வழியாக எடுத்தால் அதே வேலைக்கு 4 என்று எண் வரும். இது பிழையல்ல, அவர்கள் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் சின்ன நிரல் எழுதிப் பட்டியலை மாற்றித் தருகிறேன் என்றால், ஆவணத்தைப் படித்துவிட்டீர்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் 'டியூப்லைட் மாற்று' முதலிலும் 'வங்கிக் கடன் தவணை' கடைசியிலும் வந்து நிற்கும்.

ஆசைப்பட்டு மாறுகிறவர்களைப் பற்றிச் சொல்லவில்லையே. அவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை செயலியில் இல்லை. பட்டியல் அழுகிப்போயிருக்கிறது. போன வருடம் தேதி போட்ட வேலைகள் மேலே சிவப்பாகக் குவிந்து, திறக்கவே மனசு வராமல், புதிய செயலி வாங்கினால் புத்துணர்ச்சி வரும் என்று நினைக்கிறார்கள். வரும், இரண்டு வாரத்துக்கு. அந்தச் சிவப்புக் குவியலையும் கூடவே இம்போர்ட் செய்தால் இரண்டு நாளுக்கு. என்னைக் கேட்டால், மாறுவதில் இருக்கும் ஒரே உண்மையான லாபம் எதையெல்லாம் கொண்டுபோகவில்லை என்பதுதான். குழுவாகப் பயன்படுத்தினால் கதை வேறு. ஒருவர் மாறினால் எல்லோரும் மாற வேண்டும், எல்லோருக்கும் கணக்கு வேண்டும். வீட்டு மளிகைப் பட்டியலுக்கு வாட்ஸ்அப் போதும் என்று வீட்டில் சொன்னால், பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி.

எப்போது மாறலாம்? அந்த ஆடிட்டர் அலுவலகத்துக்கு நான் சொன்ன நாள் 21ஆம் தேதி. 3பி முடிந்திருக்கும், அடுத்த 11க்கு இன்னும் நாள் இருக்கும். ஆடிட்டர்களுக்கு வேலை குவியும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் வேண்டவே வேண்டாம். உங்கள் தொழிலிலும் மாதத்தில் அப்படி ஒரு ஓய்வான நாள் இருக்கும், அதைப் பிடியுங்கள். புதியதையும் பழையதையும் ஒரே நேரத்தில் நெடுநாள் ஓட்ட வேண்டாம். எந்த வேலையை எதில் எழுதினோம் என்பதற்கே தனியாக ஒரு பட்டியல் தேவைப்படும்.

கடைசியாக, பணம். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. ஆண்ட்ராய்டு என்றால் ப்ளே ஸ்டோரில், ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரின் கீழ், சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்வதற்கு முன்பு முழுப் பட்டியலையும் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். முடித்த வேலைகள் பல செயலிகளின் கோப்பில் வராது. போன வருடம் என்ன செய்தோம் என்று பார்க்க வேண்டியிருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். கணக்கையே அழிக்க மட்டும் அவசரப்பட வேண்டாம். வண்டிக் காப்பீடு, சொத்து வரி, டொமைன் புதுப்பிப்பு மாதிரி வருடத்துக்கு ஒரு முறை தலைகாட்டும் வேலைகள் ஏதாவது விட்டுப்போயிருந்தால், அது தெரிய ஒரு முழு வருடம் ஆகும். அதுவரை பழைய கணக்கு இலவசத் திட்டத்தில் சும்மா கிடக்கட்டும்.

வணக்கம்.