கொதிக்க வைத்தாலும் போகாது

வணக்கம் நேயர்களே. போன மார்ச்சில், அதாவது நம் தென்னாப்பிரிக்காவில் கோடை முடிகிற சமயத்தில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அத்தை போன் பண்ணினார். "குழாய்த் தண்ணியில மண்வாசம் அடிக்குதுடா. ரெண்டு தடவை கொதிக்க வெச்சுட்டேன், இன்னும் அடிக்குது. நீ தண்ணி லேப்ல இருந்தவன்தானே, என்னன்னு சொல்லு."

இருபது வருடத்துக்கு மேல் தண்ணீரைச் சோதித்தே சம்பளம் வாங்கியவன் நான். அந்த வாசத்துக்குப் பயப்பட வேண்டாம் அத்தை, பயப்பட வேண்டிய நஞ்சுக்கு வாசமே கிடையாது என்றேன். அத்தை நம்பவில்லை. சரி, உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது ஒரு வாசம் வருமே, அந்தப் பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பெயர். அணையில் சில வகை நீலப்பச்சைப் பாசி பெருகும்போதும் அதே ஜியோஸ்மின்தான் வெளியே வருகிறது, துளியிலும் துளி இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், சூடு பண்ணினால் இன்னும் தூக்கலாக அடிக்கும். அதனால்தான் அத்தையின் கெட்டிலில் அது போகவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் இதற்குக் கரித்தூள் போடுவார்கள். அந்த மூட்டையைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றால் மூன்று நாளைக்கு மூக்கைச் சிந்தினால் கறுப்பாகத்தான் வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போது நஞ்சுக்கு வருகிறேன். பாசி என்று நாம் சொன்னாலும் நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒரு வகை, அது செய்கிற மைக்ரோசிஸ்டின் நேராக ஈரலைத் தாக்கும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, அதாவது பத்து லட்சம் லிட்டர் தண்ணீருக்கு ஒரே ஒரு கிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இந்த நஞ்சு அப்படியே இருக்கும், தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் கொஞ்சம் அடர்த்தியாகக்கூட ஆகும். 1996இல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்தம் செய்யப் பயன்பட்ட தண்ணீரில் இது கலந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

சரி, பாசியைக் கொன்றுவிட்டால்? அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நஞ்சு பெரும்பாலும் பாசியின் உடம்புக்குள்தான் இருக்கும், கொன்றால் உடம்பு வெடித்து அத்தனையும் தண்ணீரில் கலந்துவிடும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் தண்ணீர் ருசி சரியில்லை என்று ஜனங்கள் புகார் சொல்ல, அணையில் மயில்துத்தத்தைக் கொட்டினார்கள். சில நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரியில். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, எதைக் கொல்கிறோம் என்று தெரியாமல் கொன்றார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பாசிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? நம் கழிப்பறையிலிருந்தும், சலவைத் தூளிலிருந்தும், வயலுக்குப் போடும் உரத்திலிருந்தும். முக்கியமான தீனி பாஸ்பரஸ். 1973இல் கனடாவில் ஓர் ஏரியைக் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டது.

நம் நாட்டில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஹார்ட்பீஸ்போர்ட் அணைக்குப் போங்கள். ஜோகன்னஸ்பர்க் வடக்குப் பகுதியின் கழிவுநீரெல்லாம் முதலை ஆறு வழியாக அங்கேதான் போய்ச் சேருகிறது. 1980களிலேயே, இப்படிப்பட்ட ஆறுகளில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். போட்டது நல்லதுதான், ஆனால் ஏரித் தண்ணீரில் 0.1 மில்லிகிராம் இருந்தாலே பாசிக்கு விருந்து. போதாததற்கு, இத்தனை வருடம் வந்தது அடிச் சேற்றில் தங்கி, வேண்டும்போது மேலே வந்துகொண்டே இருக்கிறது.

அது அங்கே, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக வரும் டூசி ஆறு, நம் டர்பனுக்குக் குடிநீர் தரும் இனாண்டா அணைக்கு மேலேதான் உம்கேனி ஆற்றில் கலக்கிறது. வருடா வருடம் அந்த ஆற்றில் படகுப் போட்டி நடக்கிறதே, அதில் துடுப்பு போட்டவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கே 'டூசி கட்ஸ்' என்று செல்லப் பெயர் உண்டு. லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டில் பம்ப் நின்றால் சாக்கடை ஆற்றுக்குத்தான் போகும். 2022 வெள்ளத்தில் உடைந்த கழிவுநீர் நிலையங்களால் நம் கடற்கரைகளை மூடி வைத்தது மறந்திருக்காது. அதே வருடம் வந்த அரசாங்கத்தின் கிரீன் டிராப் அறிக்கை, நாடு முழுக்க 334 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகள் படுமோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னது. காவடிக்கு முன்னால் ஆற்றில் இறங்கிக் கலசத்தில் தண்ணீர் எடுத்த எங்கள் கோயிலில் இப்போது குழாய்த் தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து வைக்கிறோம். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, டிரம் வந்துவிட்டது.

மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கரையோரம் பச்சையாக இருந்தால் ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். தலைமுடி மாதிரி தொங்கினால் சாதாரணப் பாசி, பெரிய கவலை இல்லை. பெயின்ட் மாதிரி குச்சியில் பூசிக்கொண்டால் தள்ளி நில்லுங்கள். லேபில் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ராத்திரி முழுக்க வைத்தால், காலையில் பால் ஏடு மாதிரி பச்சை மேலே வந்து நிற்கும், அடியில் தண்ணீர் தெளிவாக இருக்கும். அணையில் அந்த ஏட்டைத்தான் காற்று ஒரு கரைக்குத் தள்ளும், குழந்தைகள் இறங்குவதும் நாய் குடிப்பதும் அந்தக் கரையில்தான். நனைந்த நாய் தன் ரோமத்தை நக்கினாலே போதும். 2020இல் பக்கத்து போட்ஸ்வானாவில் முந்நூறுக்கு மேற்பட்ட யானைகள் செத்ததற்கும் குளத்தில் இருந்த இந்த வகை நஞ்சுதான் காரணம் என்று அந்த அரசாங்கம் சொன்னது.

மறு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். "அப்ப கொதிக்க வைக்கிறதே வீணா?" என்றார். வெள்ளம் வந்தால், குழாய் உடைந்தால் கட்டாயம் கொதிக்க வையுங்கள், அது கிருமிக்கு. அணையில் பாசி, குடிக்காதீர்கள் என்று அறிவிப்பு வந்தால் மட்டும் கெட்டிலை நம்பாமல் பாட்டில் தண்ணீர் வாங்குங்கள் என்றேன். "இப்ப அறிவிப்பு வந்திருக்கா?" இல்லை என்றேன். அதே தண்ணீரில் தேநீர் போட்டுக் கொண்டுவந்து, நான் குடிக்கிறேனா என்று எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தார். குடித்தேன். மண்வாசம் அடிக்கத்தான் செய்தது.